மேப்புல மூணு வட்டம்

இப்படி உள்ள தள்ளி உக்காருங்க தம்பி, அந்தப் பக்கம் சீட்டு ஆடுது. வடவள்ளிங்களா? நானும் வடவள்ளிக்குத்தான் டிக்கெட் எடுத்திருக்கறேன். அந்தப் போனை உள்ள வெச்சிருங்க. எந்த ஸ்டாப்பிங் எப்ப வருதுன்னு நீங்க அதுல பாக்கறீங்க, அது உங்களப் பாத்துட்டு இருக்குது. வடவள்ளி கடைசி ஸ்டாப்பு, வண்டி அங்க போயி நின்னுரும். நான் சொல்றேன், எறங்கிக்கலாம்.

சிரிக்கறீங்க. சிரிங்க. நானும் சிரிச்சவந்தானுங்க.

நான் அந்தக் கம்பெனிய உட்டு இந்த ஐப்பசியோட அஞ்சு மாசமாச்சு. பேரெல்லாம் எதுக்கு, உங்க போனுக்குள்ள உக்காந்திருக்கறவந்தான். மெயில் அவனுது, மேப்பு அவனுது, போட்டோவெல்லாம் அவங்கிட்ட, எதையாச்சும் தேடோணும்னா அவங்கிட்ட, பாட்டுக் கேக்கோணும்னா அவங்கிட்ட. ஒருத்தங்கிட்டயே முச்சூடும் குடுத்து வெச்சிருந்தமுங்க. அத்தனையும் உட்டுப்போட்டேன். இப்பப் பாருங்க, பட்டன் போனு. பேசலாம், மணி பாக்கலாம், டார்ச்சு அடிக்கலாம். மனுசனுக்கு வேறென்னங்க வேணும்?

என்ற பேரு நாச்சிமுத்துங்க. சிங்காநல்லூர்ல ஒரு மில்லுல டைம் ஆபீஸ், முப்பத்தொரு வருசம். டைம் ஆபீஸ்னா தெரியுமுங்களா? கேட்டுக்குப் பக்கத்துல சின்ன ரூம்பு, கம்பி போட்ட சன்னல். எவன் எத்தனை மணிக்கு உள்ள வந்தான், எவன் எத்தனை மணிக்கு வெளிய போனான், எவன் கேட் பாஸு வாங்குனான், எவன் வாங்காம செவுரு ஏறிக் குதிச்சான், எல்லாம் எங்கிட்டத்தான். அஞ்சு நிமிசம் லேட்டுன்னா செகப்பு மையி. ஒருத்தனையும் நான் திட்டுனதில்லீங்க. எதுக்கு லேட்டுன்னு வாயத் தொறந்து கேட்டதுகூட இல்ல. எழுதி வெப்பேன், அவ்வளவுதான்.

ரிட்டயர்டு ஆன அன்னிக்குச் சால்வை போட்டாங்க, பேசுனாங்க, வண்டியில கொண்டாந்து உட்டாங்க. அடுத்த நாளு காலைல எந்திரிச்சா, யாரு உள்ள வந்தா யாரு வெளிய போனான்னு பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்லீங்க. ஊட்டுல மொத்தம் மூணு பேரு. கை எடுத்துட்டாப்புல இருந்துச்சு.

சித்த இருங்க. ராமநாதபுரம் வருது. முன்னாடி யாரு எறங்கறாங்கன்னு பாத்துக்கறேன். இல்ல, ஒண்ணுமில்ல. சொல்றேன்.

என்ற பொண்ணு சிந்துஜாதான் போன் வாங்கிக் குடுத்துச்சு. ஒரே பொண்ணுங்க. சரவணம்பட்டில கம்ப்யூட்டர் கம்பெனில வேலை, இப்ப இருவத்தேழு முடிஞ்சிருச்சு. அதுதான் எனக்கு எல்லாம் சொல்லிக் குடுத்துச்சு. மேப்ப மட்டும் நானாக் கத்துக்கிட்டேன். அந்த மேப்புல ஒரு வசதி இருக்குதுங்க, ஊட்டுக்காரங்க எங்கெங்க இருக்கறாங்கன்னு காட்டும். அவங்கவங்க மூஞ்சி ஒரு சின்ன வட்டத்துக்குள்ள. நான் ஒரு வட்டம், எங்கூட்டுக்காரி வசந்தாமணி ஒரு வட்டம், சிந்துஜா ஒரு வட்டம். வசந்தாமணி போனை நானே வாங்கி நானே செட் பண்ணிட்டேன், அவளுக்கு அதெல்லாம் தெரியாது. சிந்துஜாகிட்ட, நேரங்கெட்ட நேரத்துல வேலைக்குப் போற புள்ள, ஒரு பாதுகாப்புக்குன்னு சொன்னேன். சரிப்பான்னுச்சு.

அட, என்னமா இருந்துச்சுங்க அது! காப்பி குடிக்கறதுக்கு முன்னாடி ஒருக்காப் பாப்பேன். குளிச்சுட்டு வந்து ஒருக்கா. சிந்துஜா வட்டம் அவனாசி ரோட்டுல மெதுவா நகருது, சிக்னல்ல நிக்குது, மறுக்கா நகருது, ஆபீஸ் போயிச் சேருது. சேந்துருச்சுன்னா எனக்கு மனசுல பாரம் எறங்கும். ஒரு நாளு அரை மணி நேரமா ரோட்டோரத்துலயே நிக்குது. ஆபீஸ் செக்யூரிட்டிக்குப் போன் போட்டு, என்ற புள்ள வந்துச்சான்னு கேட்டுப்போட்டேன். டயர் பஞ்சராம். நான் கேட்டதுக்காக சிந்துஜா எங்கிட்ட ரெண்டு நாளு பேசல. பெத்தவனுக்குத் தானுங்க பதைக்கும், அதுக்கு என்ன தெரியும்?

இன்னொரு நாளு, சாயங்காலம், ஆர்.எஸ்.புரத்துல ஒரு பேக்கரில நாப்பத்தேழு நிமிசம் நின்னுச்சு வட்டம். ஊட்டுக்கு வந்துச்சு. நான் ஒண்ணும் கேக்கலீங்க. யாரு கூடப் போனே, எதுக்குப் போனே, ஒரு வார்த்தை கேக்கல. 'பப்ஸு சூடா இருந்துச்சா கண்ணு?'ன்னு மட்டும் சொன்னேன். சும்மா, தமாசுக்கு. ஒரு செருப்பக் கழட்டிட்டு இன்னொண்ணக் கழட்டாம அப்படியே நின்னுச்சு. அதுக்கப்பறம் அந்தப் பேக்கரிக்கு அது போகவே இல்லீங்க. நல்லதுதானே, வெளிய கண்டதத் திங்கறது ஒடம்புக்கு ஆகுமா?

வசந்தாமணி ஒருக்காச் சொன்னா, 'ஏனுங்க, கேட்டுத் தெரிஞ்சுக்கலாமுல்ல'ன்னு. கேக்கலாமுங்க. கேட்டா பதில் சொல்லுவாங்க. அந்தப் பதில நம்பறதா வேண்டாமான்னு அது ஒரு வேலை. பாத்துட்டா அந்த வேலை மிச்சம். நான் சொல்றது சரிதானுங்க?

அப்பறம் ஒரு ஞாயித்துக்கெழமை. சிந்துஜா எம் பக்கத்துல வந்து உக்காந்து, 'அப்பா, இந்தக் கம்பெனிக்காரன் உங்களப் பத்தி என்னவெல்லாம் எழுதி வெச்சிருக்கறான் பாருங்க'ன்னு என்ற போனுலயே எடுத்துக் காட்டுச்சு. தம்பி, கண்ணாடிய மாட்டிட்டுப் படிச்சேன். பதினாலாம் தேதி காலைல பத்து இருவது, சிங்காநல்லூர் கொளத்துமேடு, முப்பத்தஞ்சு நிமிசம். பதினாறாம் தேதி கொளத்துமேடு, ஒரு மணி நேரம். அப்பிடியே போகுது, மாசக்கணக்குல.

அந்தக் கொளத்துமேட்டுல நான் சும்மா உக்காந்திருப்பேன். யாருகிட்டயும் சொன்னதில்ல. ஊட்டுல கேட்டா ரேசன் கடைம்பேன், பேங்கும்பேன். அங்க உக்காந்து தண்ணியப் பாத்துட்டு இருப்பேன், ஒண்ணு ரெண்டு நாளு கண்ணுல தண்ணிகூட வந்திருக்கு, எதுக்குன்னு எனக்கே தெரியாது. அது என்ற சொந்த சமாச்சாரமுங்க. அத எழுதி வெக்கறதுக்கு இவன் யாரு? நான் எங்க போனா இவனுக்கென்ன? முப்பத்தொரு வருசம் நானும் எழுதுனேன், அது உத்தியோகம். என்னைய எழுதறதுக்கு இவனுக்கு யாரு உத்தியோகம் குடுத்தா?

சிந்துஜா என்ற மூஞ்சியவே பாத்துட்டு, 'உங்களுக்கு எப்படிப்பா இருக்குது?'ன்னு கேட்டுச்சு. 'துணி இல்லாம நடுரோட்டுல நிக்கறாப்புல இருக்குது கண்ணு'ன்னேன். 'ஆமாப்பா'ன்னுச்சு. நான் இன்னும் ஏதோ சொல்லப் போறேன்னு எதிர்பாத்தாப்புலயே உக்காந்திருந்துச்சு. நான் வேறென்னங்க சொல்றது? அந்தக் கம்பெனிக்காரனத்தான் திட்டித் தீத்தேன்.

அப்பறம் ஆரம்பிச்சுதுங்க. ஒரேயடியா உட முடியாதுப்பா, ஒவ்வொண்ணாக் கொறைக்கலாம்னுச்சு சிந்துஜா. வாரத்துக்கு ஒண்ணு. மொதல்ல தேடற எடம், அத மாத்துறது சுலுவு. அப்பறம் போட்டோ. எட்டாயிரத்துச் சொச்சம் போட்டோவ எறக்கி, கம்ப்யூட்டர்ல மாட்டற ஒரு சின்னப் பொட்டில போட்டுச்சு. ஒறம்பரை சொந்தபந்தத்துக் கல்யாணம், காது குத்து, என்ற மில்லுக் கேட்டு, எல்லாம். அப்பறம் மெயிலு. அதுதானுங்க பெரும்பாடு. கரண்டு ஆபீஸு, கேஸு, பேங்கு, பென்சன், இன்சூரன்ஸு, எங்க பாத்தாலும் அந்தப் பழைய மெயிலுதான் குடுத்திருக்குது. ஒவ்வொரு ஆபீஸாப் போயி, மெயில் மாத்தோணும்னு எழுதிக் குடுத்தேன். பேங்குல ஒரு அம்மிணி, 'இது நல்ல மெயில்தானுங்களே, எதுக்கு மாத்தறீங்க?'ன்னு கேட்டுச்சு. 'அவன் வேவு பாக்கறான் அம்மிணி'ன்னேன். பக்கத்து கவுண்டர்ல இருந்தவனும் சேந்து சிரிச்சான். எகத்தாளம். வீடியோ பாக்கறத உடறதுதான் வசந்தாமணிக்குக் கஷ்டமாப் போச்சு, அதுல அவ சமையல் பாப்பா.

நான் வெறியாயிட்டனுங்க. ஒறம்பரை ஊட்டுக்குப் போனாக்கூட அதான் பேச்சு. என்ற மச்சினன் போனை வாங்கிப் பாத்து, 'இத அழி, இத அழி'ன்னு நானே அழிச்சுப்போட்டேன். அவங்க ஊட்டுல இப்ப நம்மளக் கூப்பிடறதில்ல.

மேப்பத்தான் சிந்துஜா கடைசிக்கு வெச்சிருந்துச்சு. அதப் பத்திப் பேசவே இல்ல. நானேதான் கேட்டேன், 'ஏன் கண்ணு, பெரிய திருடன உள்ள வெச்சுட்டு சின்னத் திருடனயெல்லாம் தொரத்திட்டு இருக்கறமே'ன்னு. 'நெசமாத்தான் சொல்றீங்களாப்பா?'ன்னுச்சு. வசந்தாமணி அடுப்படில இருந்து எட்டிப் பாத்தா. நான் சட்டுனு மேப்ப எடுத்தேன். மூணு வட்டமும் ஒண்ணு மேல ஒண்ணு, ஊட்டுலயே இருந்துச்சு. அமுத்தி அழிச்சேன். வசந்தாமணி போனுலயும் அழிச்சேன். புதன்கெழமைங்க அது. சிந்துஜா வந்து என்ற கையப் புடிச்சுக்கிச்சு. கண்ணெல்லாம் தண்ணி. எங்கப்பா இந்த வயசுலயும் மாறுனாரேன்னு பெருமை அதுக்கு.

பத்தொம்பது நாள்ல ஊட்ட உட்டுப் போயிருச்சு.

இல்லீங்க, நீங்க நெனக்கறாப்புல இல்ல. பையன் கியன் ஒண்ணுமில்ல. இருந்தாலாச்சும் கேக்கறவங்களுக்கு ஒரு காரணம் சொல்லலாம். காலைல பெரிய பையோட வந்து ஹால்ல நின்னுச்சு. 'அப்பா, நான் தனியா இருந்துக்கறேன். எங்கேன்னு சொல்லமாட்டேன், கோவிச்சுக்காதீங்க. ஞாயித்துக்கெழமை ஆனாக் கூப்புடறேன்.' அவ்வளவுதான். சண்டையும் இல்ல, சத்தமும் இல்ல. வேலையையும் வேற கம்பெனிக்கு மாத்திருச்சாம், அது அப்பறந்தான் தெரிஞ்சுது. நான் கேட்டு வரைக்கும் போனேன். ஆட்டோ தெருவத் திரும்புச்சு. கை தன்னால சட்டைப் பைக்குப் போகுது, போன எடுக்குது. எடுத்து என்ன பண்றது? அழிச்சுப்போட்டனே.

நான் அழுவலீங்க. கோவமும் வரல. பல்லுப் புடுங்கறதுக்கு முன்னாடி ஊசி போடுவாங்களே, கன்னத்தத் தொட்டா யாரோ ஒருத்தரு கன்னத்தத் தொடறாப்புல இருக்கும். அன்னைக்கு இருந்து அப்படித்தான் இருக்குது. சோறு எறங்குது. தூக்கம் வருது. பேப்பர் படிக்கறேன். ஒண்ணுந் தோணறதில்ல.

எல்லாம் அந்தக் கம்பெனினாலதானுங்க. அவன் ஒழுங்கா இருந்திருந்தா நான் எதுக்கு உடப் போறேன்? நான் உடாம இருந்திருந்தா அது எங்க போச்சுன்னு தெரிஞ்சிருக்கும்ல?

சுங்கம் தாண்டிருச்சு. இருங்க, பாத்துக்கறேன். சரி.

ஞாயித்துக்கெழமை மூணரை, மூணே முக்காலுக்குக் கூப்புடும். சாப்டீங்களாப்பா, பிரஷர் மாத்தரை போட்டீங்களா, மழை வந்துச்சா, அவ்வளவுதான். நானும் எங்க இருக்கறே கண்ணுன்னு கேக்கல. ஆனா காது சும்மா இருக்குமா? மூணாவது வாரமோ நாலாவது வாரமோ, பேசிட்டு இருக்கறப்ப பின்னால ஒரு சங்கு ஊதுச்சு. மணி மூணே முக்கால், ரெண்டாம் ஷிப்டுச் சங்கு. தம்பி, உங்களுக்கு எல்லா மில்லுச் சங்கும் ஒண்ணாத்தான் கேக்கும். எனக்கு அப்படி இல்லீங்க. இருக்கறதே இப்ப நாலோ அஞ்சோ மில்லுதான். கணபதிப் பக்கம் ஒரு மில்லு இருக்குது, அந்தச் சங்கு முடியறப்பத் தொண்டை கட்டுனாப்புல எறங்கும். அதே சங்கு. அடுத்த வாரம் போனைக் காதோட அமுத்திக் கேட்டேன். நல்லா வெசையாக் கேக்குது. ரெண்டு மூணு தெருவுக்குள்ளதான் இருக்கோணும்.

பாருங்க, மேப்பு வேணும் அது வேணும்ங்கறாங்களே, ஒண்ணும் வேண்டாமுங்க. காது போதும்.

நாலு நாளு போயி அந்த மில்லு முக்குல ஒரு டீக்கடைல நின்னேன். நாலாம் நாளு காலைல பால் வாங்க வந்துச்சு. தலையத் தூக்கிக் கொண்டை போட்டுட்டு, கூட இன்னொரு புள்ள. ரெண்டும் எதுக்கோ சிரிச்சுட்டு வருதுங்க. வாய் உட்டுச் சிரிப்பு. ஊட்டுல அது அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. அப்பறம் என்னையப் பாத்துச்சு.

வாங்கப்பான்னு சொல்லலீங்க. எப்படி இருக்கறீங்கன்னு கேக்கல. 'எப்படிப்பா கண்டுபுடிச்சீங்க?'ன்னுச்சு. நான் கொஞ்சம் பெருமையாத்தான், 'சங்கு கண்ணு, சங்குச் சத்தம்'னேன். கடைப் படிலயே உக்காந்துக்கிச்சு. கூட வந்த புள்ள அதோட தோளப் புடிச்சுட்டு என்னைய ஒரு மாதிரி பாக்குது. நானென்ன திருடனுங்களா? அடிச்சனா, கூட்டிட்டுப் போறேன்னு கையப் புடிச்சு இழுத்தனா? 'பத்தரமா இரு கண்ணு'ன்னு சொல்லிட்டு அடுத்த பஸ்ஸுல வந்துட்டேன்.

அடுத்த ஞாயித்துக்கெழமை போன் வரல. அதுக்கடுத்த வாரமும் வரல. நான் போட்டா, நம்பரே இல்லீங்கறான். கணபதில போயிக் கேட்டா, காலி பண்ணிட்டாங்கன்னாங்க. பதினொரு வாரமாச்சுங்க.

வசந்தாமணிதான் என்னால புரிஞ்சுக்க முடியாதவளா ஆயிட்டா. மொத ரெண்டு வாரம் அழுதா, சோறு திங்கல. அப்பறம் சரியாயிட்டா. எப்படிங்க சரியாவா? பெத்த புள்ள எங்க இருக்குதுன்னு தெரியாம ஒருத்தி எப்படிங்க பாட்டுப் பாடிட்டுத் துணி காயப்போடுவா? மூணு வாரமா, வியாழக்கெழமை ஆனா கோயிலுக்குன்னு கெளம்பறா. கோயில் நம்ம தெரு முக்குல இருக்குது. போனா நாலு மணி நேரம். போன வியாழக்கெழமை ஒரு குண்டா நெறைய அரிசி பருப்புச் சோறு ஆக்குனா. எனக்கு ரெண்டு கரண்டி வெச்சா. மறுக்காச் சோறு போட்டுக்கலாம்னு குண்டாவத் தொறந்தா ஒண்ணுமில்ல. சிந்துஜாவுக்கு அரிசி பருப்புன்னா உசுரு.

மேப்பு இருந்திருந்தா வட்டத்தப் பாத்திருப்பேன். இல்ல. அதனாலதான் இன்னைக்கு நானே வந்துட்டேன்.

அதா, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு. மஞ்சக் கட்டம் போட்ட சேலை, மடில கட்டைப் பை. மெதுவாப் பாருங்க, கழுத்த நீட்டாதீங்க. அதுதான் வசந்தாமணி. அவ முன்வாசல்ல ஏறுனா, நான் பின்வாசல்ல ஏறிட்டேன். பொம்பளைகளுக்குக் காசு வாங்காத டிக்கெட்டுதான்னாலும் எறங்கற எடத்தக் கேட்டுத்தான குடுப்பாங்க. கண்டக்டரக் கேட்டேன், அந்தக் கட்டைப் பை அம்மா எங்க எறங்குதுன்னு. வடவள்ளின்னாரு. எனக்கும் அங்கயே ஒண்ணு குடுங்கன்னேன்.

ஒண்ணும் பண்ணமாட்டனுங்க. தூர நின்னு பாத்துட்டு வந்துருவேன். எந்தத் தெரு, எந்த ஊடுன்னு தெரிஞ்சாப் போதும். இன்னும் ஒரு இருவது நிமிசம். நெஞ்சு அடிக்கோணுமே, அடிக்குதான்னு கைய வெச்சுப் பாத்தேன். சாதாரணமாத்தான் அடிக்குது.

லாலி ரோடு வந்துருச்சு. கூட்டம் எறங்குது பாருங்க. அய்யோ, திரும்பறா. குனிஞ்சுக்கறேன், செருப்பு மாட்டறாப்புல. திரும்பிட்டாளா? கண்டக்டரத்தான் தேடியிருப்பா. என்னையப் பாத்திருக்கமாட்டா, முன்னால நீங்க மறைக்கறீங்கல்ல. ஒரு நிமிசம் இந்தப் பக்கமே பாத்துட்டு இருந்தாளா? அப்படித்தான் பாப்பா, அவளுக்குக் கண்ணு தூரத்துல தெரியாது.

எந்திரிச்சுட்டா. என்னங்க எந்திரிச்சுட்டா? வடவள்ளிக்கு இன்னும் எத்தனை ஸ்டாப்பிங் இருக்குது! எறங்கறா. பையோட எறங்கறா. சன்னல்ல பாருங்க தம்பி, நான் குனிஞ்சிருக்கறேன், எந்தப் பக்கம் போறா? ரோட்டத் தாண்டறாளா? எதுத்தாப்புல ஸ்டாப்பிங்லயா நிக்கறா? அது நம்ம ஊட்டுக்குத் திரும்பிப் போற பஸ்ஸு நிக்கற எடமுங்களே.

கேஸை அணைச்சமா இல்லையான்னு சந்தேகம் வந்திருக்கும். அவளுக்கு அந்தப் பழக்கம் உண்டு. பாதி வழில திரும்பி ஓடியாருவா. அதுக்குள்ள அரிசி பருப்பு ஆறிப் போயிருமுங்களே.

இல்லீங்க, நான் எறங்கல. எறங்குனா, பின்னாலயே வந்தேன்னு அவளுக்குத் தெரிஞ்சு போயிருமில்ல.

போனை எடுக்கறாளா? நல்லதாப் போச்சு. எனக்குத்தான் அடிப்பா, ஊட்டுல கேஸப் பாருங்கன்னு. இருங்க, நான் எடுத்துக் கைல வெச்சுக்கறேன். பஸ்ஸுச் சத்தம் கேட்டா என்ன சொல்றது? கடைவீதிக்கு வந்தேன்னு சொல்லிக்கலாம். வண்டிய எடுத்துட்டான். தெரியறாளா தம்பி உங்களுக்கு? காதுல வெச்சிருக்கறாளா?

பேசறாளா?

எனக்கு அடிக்கலீங்களே.